வண்டி நின்னுச்சா, மஞ்சுளா?

அத்தியாயம் 11

முத்துகிருஷ்ணன் கொடுத்த வாக்கை மீற மாட்டார். நல்ல குணம்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால் கேட்டவருக்கெல்லாம் வாக்குக் கொடுத்துவிடுவார். போன ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் ஒரே மூச்சில் இரண்டு பேருக்குக் கொடுத்தார். இரண்டு வாக்கும் ஒரே வண்டியைப் பற்றியது.

அவர் கோபப்பட்டதிலும் நியாயம் இருந்தது. காய்கறிப் பையோடு வீட்டுக்குத் திரும்பியவர், மாடிப்படிக்குக் கீழே தன் மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டர் துண்டு துண்டாகச் செய்தித்தாளில் கிடப்பதைப் பார்த்தார். பக்கத்தில் மகள் சாதனா, பழைய டூத் பிரஷ்ஷும் கிண்ணத்தில் பெட்ரோலுமாக உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வருஷமாக அந்த வண்டியை அவர் தினமும் துடைத்து வைக்கிறார். துடைப்பதில் கல்கத்தா டாலிகஞ்சிலேயே அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஒரு நட்டைக்கூட அவர் திருகியதில்லை. அதற்குத்தான் மெக்கானிக் இருக்கிறானே என்பது அவர் கட்சி.

"சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுதுன்னு நீங்கதானேப்பா புலம்புனீங்க. பெட்ரோல் வர்ற ஜெட்ல அழுக்கு இருந்துச்சு. கழுவி மாட்டிடறேன்" என்றாள் சாதனா.

"இதென்ன அரிசியா, களைஞ்சு உலையில போட? பிரிச்சுட்ட இல்ல? இனிமே அது வண்டியே இல்ல."

சாதனாவுக்கு அந்த வண்டி வேண்டும். ஜாதவ்பூரில் ஒரு லேப்பில் வேலை கிடைத்திருக்கிறது. விடியற்காலையில் வீடு வீடாகப் போய், சாப்பிடாமல் காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து வரும் வேலை. வண்டி இருந்தால் வா, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். லைசன்ஸ் இருக்கிறது, வலிக்காமல் ஊசி போடும் கை இருக்கிறது. வண்டி மட்டும் அப்பாவுடையது.

அந்த நேரம் பார்த்து முகமது ரபீக் வந்து சேர்ந்தார். லேக் மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவர், குடும்பத்துக்கு ரொம்ப வேண்டியவர். வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வண்டி வேண்டும் என்று இரண்டு வருஷமாக இதன்மேல் அவருக்கு ஒரு கண்.

முத்துகிருஷ்ணன் மகளைப் பார்த்தார், ரபீக்கைப் பார்த்தார், செய்தித்தாளில் கிடந்ததைப் பார்த்தார்.

"சரி, கேட்டுக்க. விஸ்வகர்மா பூஜையன்னிக்கு வண்டியை எடுத்துக்கிட்டு லேக் மார்க்கெட், ஜாதவ்பூர்னு ஒரு சுத்து சுத்திட்டு வா. வழியில மக்கர் பண்ணாம வந்தா சாவி உனக்கு. எங்கயாவது நின்னுச்சு, வண்டி ரபீக்குக்கு."

"இது வாக்குத்தானே அண்ணே?" என்றார் ரபீக், கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல்.

"வாக்குத்தான்."

நடுவராக மனைவி மஞ்சுளாவை நியமித்தார். அவள் பின்சீட்டில் உட்கார்ந்து போய்வந்து, வண்டி நின்றதா இல்லையா என்று சொல்ல வேண்டும். மஞ்சுளாவுக்குப் பொய் வராது. சொன்னால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

இதோ, பூஜை நாள் வந்துவிட்டது. நாளைக்குக் காலையில் சாதனா வேலையில் சேர வேண்டும்.

*

புரட்டாசி பிறப்பை ஒட்டி வரும் இந்த ஒரு நாளில் கல்கத்தாவில் ஸ்பானர் பிடிக்கும் கைகளுக்கெல்லாம் ஓய்வு. கராஜ், ஆட்டோ ஸ்டாண்டு, லேத் பட்டறை எல்லா இடத்திலும் விஸ்வகர்மா யானைமேல் உட்கார்ந்திருப்பார். மொட்டை மாடிகளில் பட்டம் பறக்கும். எவருடைய பட்டமாவது அறுந்தால் "போக்காட்டா" என்று ஜெயித்த குஷியில் தெருவே கத்தும்.

முத்துகிருஷ்ணன் ஊரோடு ஒத்து வாழ்கிறவர். ஆயுத பூஜை வரைக்கும் வண்டியைக் காக்க வைக்க மாட்டார். ஆனால் கல்கத்தாவிடம் தேதியை மட்டும்தான் வாங்குவார். செய்முறை சொந்த ஊரான மதுரையுடையது.

அன்று காலையில் அவரே குளித்துச் சந்தனம் அரைத்தார். வண்டியைத் துடைத்தார், முந்தைய நாளே பெட்ரோல் டேங்கைக் கழுத்து வரைக்கும் நிரப்பி வைத்திருந்தார். ஹெட்லைட்டுக்கு ஒரு பொட்டு, ஸ்பீடாமீட்டருக்கு ஒரு பொட்டு, செயின் கவருக்கு ஒரு பொட்டு. பெட்ரோல் மூடிக்கு மட்டும், சாவி போடும் இடத்தை விட்டுவிட்டு, வடை தட்டுகிற மாதிரி கெட்டியாக ஓர் அப்பு.

"அங்க ஏன்ப்பா அவ்வளவு?" என்று கேட்டாள் சாதனா.

"வண்டிக்கு வாய் அதுதானே? வாய்க்குத்தான் முதல்ல வைக்கணும்."

சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மகள் இன்றைக்கு ஓட்டப்போகிறாள், ஒன்றும் ஆகக் கூடாது என்று அவருக்கும்தான் வேண்டுதல். அதை வாயைத் திறந்து சொன்னால் அவர் முத்துகிருஷ்ணன் இல்லை. அதற்குப் பதிலாக இன்னொரு விரல் சந்தனம் எடுத்து மூடியில் அப்பினார்.

மற்ற வருஷங்களில் பூஜையன்று வண்டி நகராது. மாலையோடு அப்படியே நின்று, மறுநாள் காலையில் துடைத்த பிறகுதான் ஆபீசுக்குப் போகும். இந்த வருஷம்தான் சந்தனம் காய்வதற்கு முன்னாலேயே கிளம்ப வேண்டியிருந்தது.

சாதனா சீட்டுக்கு அடியிலிருந்த டூல் பையைத் தேடினாள். அது பூஜை அலமாரியில், சாமி படத்துக்கு முன்னால், குங்குமத்தோடு வீற்றிருந்தது.

"அப்பா, ஸ்பானர் வேணும்."

"சாயங்காலம் வரைக்கும் தொடக் கூடாது. அதான் பிரிச்சுப் பூட்டியாச்சே, அப்புறம் எதுக்கு ஸ்பானர்?"

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. மஞ்சுளா ஹெல்மெட்டுக்குள் கொண்டையை அடக்கிக்கொண்டு பின்னால் ஏறினாள். வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது.

"பார்த்தீங்களா" என்றாள் சாதனா.

"போய்ட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்றார் அப்பா. தெருமுனை திரும்பும்வரை அவர் வாசலைவிட்டு நகரவில்லை.

*

இதற்கு முன் இப்படி ஓடியதே இல்லை என்னும்படி வண்டி ஓடியது. சிக்னலில் நின்றாலும் இன்ஜின் சீராகத் துடித்தது. சாதனாவுக்கு வாயெல்லாம் பல்.

பின்னால் மஞ்சுளாதான் சும்மா இருக்கவில்லை.

"இடது கையில என்னடி பிடிக்கிற?"

"கிளட்ச்மா."

"பிடிச்சுட்டுத்தான் காலை மிதிக்கணுமா?"

"ஆமா. பயப்படாதீங்க, கெட்டியா பிடிச்சுக்கங்க."

"பயம் யாருக்கு? இப்ப ரெண்டாவது கியரா, மூணாவதா?"

"மூணாவது."

"ம்" என்றாள் மஞ்சுளா, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி.

ராஷ்பிஹாரியைத் தாண்டி லேக் மார்க்கெட் பக்கம் வந்ததும் வண்டி ஒரு தடவை குலுங்கியது. சாதனா ஆக்சிலேட்டரை முறுக்கினாள். முறுக்க முறுக்க மூச்சு முட்டியது. பிறகு அடங்கிப்போனது. மிச்சமிருந்த வேகத்தில் வண்டி உருண்டு போய் நின்ற இடம் எது என்று நினைக்கிறீர்கள்? நிற்கக் கூடாத இடம். ரபீக்கின் மளிகைக் கடை வாசல்.

ரபீக் அப்போது நல்லெண்ணெய் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தினார். வண்டியைப் பார்த்தார். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. சாதனாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் திரும்பவும் டின்னைக் குனிந்து பார்த்தார்.

"நான் ஒண்ணும் பார்க்கலை பாப்பா. எண்ணெயைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"தாங்க்ஸ், ரபீக் மாமா."

"ஆனா அக்கா பொய் சொல்ல மாட்டாங்க, இல்ல?"

மஞ்சுளா இறங்கி டின் பக்கம் போனாள். அவர் டின்னைச் சாய்த்தும் எண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது.

"எதிர்ப் பக்கமும் ஒரு ஓட்டை போடுங்க. உள்ள காத்துப் போனாத்தானே எண்ணெய் வெளிய வரும்."

ரபீக் இன்னோர் ஓட்டை போட்டார். எண்ணெய் தாராளமாக இறங்கியது.

சாதனா அதையெல்லாம் கவனித்தும் கவனிக்காமலும் வண்டியைச் சுற்றி வந்தாள். இன்ஜினுக்கு மூன்று வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்: தீப்பொறி, பெட்ரோல், காற்று. பிளக்கின் தொப்பியை அமுக்கிப் பார்த்தாள், கெட்டியாக இருந்தது. பெட்ரோல் குழாய்த் திருகு திறந்துதான் இருந்தது. இருந்தாலும் டேங்க் மூடியில் சாவியைப் போட்டுத் திறந்தாள். உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது.

"என்னடி, பெருமூச்சு விடுது?" என்றாள் மஞ்சுளா.

பெட்ரோல் விளிம்பு வரைக்கும் இருந்தது. மூடிவிட்டு உதைத்தாள். கிளம்பிவிட்டது.

"ஏதோ தூசி அடைச்சிருக்கும், போயிடுச்சு" என்றாள் சாதனா. சொன்னாளே தவிர, நெஞ்சில் ஒரு முள். கார்புரேட்டரைக் கழுவியது அவள்தான். சரியாகக் கழுவவில்லையோ?

*

இரண்டாவது தடவை டாகுரியாவில் நின்றது. இந்தத் தடவை எதிரிலேயே ஒரு கராஜ் இருந்தது. சாதனாவுக்கு உயிர் வந்தது. ஆனால் கராஜ் முழுக்கச் சாமந்தி மாலை, ஒலிபெருக்கியில் பாட்டு, நடுவில் யானைமேல் விஸ்வகர்மா. ஸ்பானர்கள் எல்லாம் அவர் காலடியில் குங்குமப் பொட்டோடு வரிசையாகப் படுத்திருந்தன. மெக்கானிக் வெள்ளை ஜிப்பாவில் மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

சாதனா வங்காளத்தில் கெஞ்சினாள். தமிழைவிட அவளுக்கு அது சரளம். ஒரே ஒரு பிளக் ஸ்பானர் போதும், நானே பார்த்துக்கொள்கிறேன், அஞ்சு நிமிஷம்.

"இன்னைக்கு ஹத்தியாரைத் தொட முடியாதும்மா, பாப்" என்று காதைத் தொட்டுக்கொண்டார் அவர். கருவியைத் தொட்டால் பாவமாம். நாளைக்கு வந்தால் இலவசமாகவே பார்த்துத் தருவாராம். இப்போதைக்கு மாஷிமாவுக்கு, அதாவது சித்திக்கு, பிரசாதம் என்று மஞ்சுளாவின் கையில் இலைக் கிண்ணத்தில் அரிசியும் பருப்பும் குழைந்த கிச்சுடியைக் கொடுத்தார்.

ஆனால் தொழில் விடுமா? இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வண்டியை மூன்று பக்கமும் குனிந்து பார்த்தார். "டேங்கைத் திறந்து பாரு" என்றார், தொடாமலேயே.

"ரொம்பி இருக்கு அண்ணா, பார்த்துட்டேன்."

"இன்னொரு தடவை பாரு."

சாதனா திறந்தாள். உஸ். மூடினாள். உதைத்தாள். கிளம்பியது. மெக்கானிக் திரும்பி விஸ்வகர்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டார். கராஜே கைதட்டியது.

"பிரசாதம் வேலை செய்யுதுடி" என்றாள் மஞ்சுளா. கிச்சுடி அருமையாக இருந்ததில் அவளுக்கு நம்பிக்கை கூடியிருந்தது.

சாதனா சிரிக்கவில்லை. நடுவர் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஏற்கெனவே இரண்டு தடவை நின்றாயிற்று. தோற்றுத்தான் போய்விட்டாள். இருந்தாலும் என்ன கோளாறு என்று தெரியாமல் தோற்க அவளுக்கு மனம் வரவில்லை.

*

ஜாதவ்பூரில் லேப் வாசலைத் தொட்டுவிட்டு வண்டியைத் திருப்பினாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுப் பெண் ஒருத்தி கை காட்டினாள். நாளைக்கு நானும் அந்தக் கோட்டில் இருப்பேன் என்று காலையில் நினைத்திருந்தாள். பஸ் ஸ்டாண்டுகூட வரவில்லை, வண்டி மூன்றாவது தடவையாக மூச்சை நிறுத்தியது.

சாதனா அதை ஓரமாகத் தள்ளி நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"சே. என் தப்புதான்மா. அப்பா சொன்னது சரி. நல்லா ஓடிட்டு இருந்த வண்டியைப் பிரிச்சு, நானே கெடுத்துட்டேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. மஞ்சுளா புடவையைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வயசுப் பெண்ணை நடுத்தெருவில் மடியில் போட்டுக்கொள்ள முடியாது. அதனால் முதுகில் கை வைத்தாள்.

"நீ கழுவினதுல அழுக்கு இருந்தா, அது கார்புரேட்டர்லதானே இருக்கும்?"

"ஆமா."

"நாம அதைத் தொடவே இல்லையே. மூடியைத் திறந்தோம், மூடுனோம். உடனே கிளம்பிடுது. அது எப்படி?"

சாதனா அம்மாவைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். மூடியின் மேல் காதை வைத்துக்கொண்டு சாவியை மெதுவாகத் திருப்பினாள். உஸ்ஸ். காற்று வெளியே வரவில்லை. உள்ளே போனது. மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு காய்ந்த சந்தனப் பொருக்கு அந்தக் காற்றோடு உள்ளே இழுபட்டதைக் கண்ணால் பார்த்தாள்.

"ரபீக் மாமா டின்" என்றாள்.

"என்ன டின்?"

"ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் வராதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க. பெட்ரோல் கீழ இறங்க இறங்க மேல காத்து உள்ள போகணும். அதுக்கு இந்த மூடியில ஒரு குட்டி ஓட்டை இருக்கும். எங்க அது?"

இருவரும் குனிந்து தேடினார்கள். ஓட்டை இல்லை. ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில், மதுரைச் செய்முறைப்படி, ஓடு மாதிரி காய்ந்துபோன சந்தனம் இருந்தது.

"ஒரு ஊசி இருந்தா போதும்மா. இன்னைக்குப் பார்த்து எல்லா டூலும் சாமிகிட்ட இருக்கு."

மஞ்சுளா வளையலில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி நீட்டினாள். "இதைச் சாமிகிட்ட வைக்கலை."

சாதனா சந்தனத்தைச் சுரண்டி எடுத்தாள். முழுசாக ஒரு பில்லையாகப் பெயர்ந்து வந்தது. அடியில் கடுகளவு துளை. ஊக்கின் முனையை விட்டுக் குடைந்து, வாயை வைத்து ஊதினாள். காற்று தாராளமாகப் போனது.

அப்போதுதான் மஞ்சுளாவுக்கு உறைத்தது. "அடியே. இதை வச்சது யாரு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். மஞ்சுளா வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சாதனா நடைபாதையில் திரும்பவும் உட்கார்ந்து சிரித்தாள். பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்த கண்டக்டருக்குக்கூடக் காரணம் தெரியாமல் சிரிப்பு வந்தது.

சிரித்து முடித்ததும் சாதனா சொன்னாள்: "அம்மா, அப்பாகிட்ட சொல்ல வேண்டாம்."

"ஏன்?"

"எனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் அவ்வளவு அப்பியிருக்காரு. சொன்னா முகம் வாடிடும். வேலைக்கு வேற வழி பார்த்துக்கறேன்."

இந்தப் பெண்ணையா அந்த மனுஷன் வண்டியைக் கெடுத்தவள் என்று திட்டினார்? மஞ்சுளா பில்லையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

"நீ வண்டியைப் பாரு. அவரை நான் பார்த்துக்கறேன். இருபத்தஞ்சு வருஷமா அவரை ரிப்பேர் பார்த்துட்டுத்தானே இருக்கேன்."

அன்வர் ஷா ரோடு வழியாக வீடு வரைக்கும் வண்டி ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் வந்து சேர்ந்தது.

*

முத்துகிருஷ்ணன் வாசலிலேயே நின்றார். நடுவில் வீட்டுக்குள் போனாரா என்றே சந்தேகம்.

"வண்டி நின்னுச்சா, மஞ்சுளா?"

மஞ்சுளா அவசரப்படவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினாள். கொண்டையைச் சரிசெய்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வண்டி நிக்கலைங்க. நீங்கதான் நிறுத்துனீங்க."

கைக்குட்டையைப் பிரித்துச் சந்தனப் பில்லையைக் காட்டினாள். நடந்ததை வரிசையாகச் சொன்னாள். எங்கெங்கே நின்றது என்பதையும் மறைக்கவில்லை, ரபீக்கின் கடை வாசல் உள்பட. அவளுக்குப் பொய் வராது என்றுதான் சொன்னேனே.

முத்துகிருஷ்ணன் ஆபீசில் கணக்குப் பிரிவு. ஆதாரம் இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்கிறவர் இல்லை. "சந்தனம் வச்சா வண்டி நிக்குமா? உலகத்துல யாரும் கேள்விப்பட்டது உண்டா?"

"கிண்ணத்துல மிச்சம் இருக்கு. நீங்களே வச்சு ஓட்டிப் பாருங்க" என்றாள் மஞ்சுளா.

அவர் வைத்தார். காலையில் வைத்த அதே அளவு, அதே இடம். சாதனாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, "நிக்காது பாரு" என்று சொல்லிக் கிளம்பினார். முதல் சந்து, கடைத்தெரு, மெட்ரோ ஸ்டேஷன், திரும்பவும் கடைத்தெரு. வண்டி ஓட ஓட அவர் முதுகு நிமிர்ந்துகொண்டே வந்தது. இரண்டாவது சுற்றில் ஆட்டோ ஸ்டாண்டுப் பந்தலுக்கு நேர் எதிரே வண்டி குலுங்கி, முனகி, அடங்கியது.

பந்தலில் இருந்த டிரைவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

முத்துகிருஷ்ணன் சாவியை மூடியில் போட்டுத் திருப்பினார். உஸ். மூடினார். உதைத்தார். கிளம்பியது. இன்ஜினை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சாதனாவுக்கு அவர் முகம் தெரியவில்லை. தோள்கள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. பயந்துபோய், "அப்பா?" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாயில வச்சு அடைச்சிருக்கேன் பாரு. மூச்சு விட முடியாமத்தானே நின்னிருக்கு, பாவம்."

"நீங்க நல்லதுக்குத்தான்ப்பா வச்சீங்க."

"கண்டுபிடிச்சது யாரு?"

"அம்மாவும் நானும்."

"டூல் இல்லாம?"

"ஊக்கு இருந்துச்சு."

அவர் வண்டியிலிருந்து இறங்கினார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் தன் கையாலேயே மூடியைத் துடைத்தார். ஓட்டை தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். துடைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பிறகு சாவியை மகளின் கையில் வைத்துவிட்டு, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"முன்னாடி போ. நீ ஓட்டு."

பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பின்சீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எங்கே கையை வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. மகளின் தோளில் வைத்துக்கொண்டார். எங்கோ ஒரு மாடியில் பட்டம் அறுந்து "போக்காட்டா" என்று கூச்சல் எழுந்தது. சாதனாவுக்கு அது தனக்காகவே கத்தின மாதிரி இருந்தது.

*

சாயங்காலம் டூல் பை சாமியிடமிருந்து திரும்பி வந்தது. மாடிப்படிக்குக் கீழே சாதனா செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு விடிவதற்குள் கிளம்ப வேண்டும். பால்கனியில் முத்துகிருஷ்ணன் போனில் மாட்டிக்கொண்டு முழித்தார். ஸ்பீக்கரில் ரபீக்கின் குரல் தெருவுக்கே கேட்டது.

"சந்தனமோ குங்குமமோ, அண்ணே, அது உங்க வீட்டு விஷயம். என் கடை வாசல்ல நின்னுச்சா இல்லையா? அக்காவே சொல்லட்டும்."

"நின்னுச்சு, ஆனா..."

"வாக்குன்னா வாக்குதானே? காலையில வர்றேன்."

மஞ்சுளா படியிறங்கி வந்தாள். புடவையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தாள். தலையில் ஹெல்மெட்.

"எங்கம்மா போகணும்? ஏறுங்க, கொண்டு விடறேன்."

"பின்னாடி உட்கார்ந்து பார்த்தாச்சு" என்று சொல்லிவிட்டு மஞ்சுளா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "இடது கையில கிளட்ச். பிடிச்சுட்டுக் காலை மிதிக்கணும். சரிதானே?"

காலையிலிருந்து அம்மா கேட்ட கேள்விகள் சாதனாவுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பயத்தில் கேட்கிறாள் என்று நினைத்தோமே.

"அம்மா, மெதுவா. கிளட்சை டக்குனு விடாதீங்க."

"நீ பின்னாடி பிடிச்சுக்க."

வண்டியைத் தெருவில் இறக்கி, முதல் கியர் போட்டு, மஞ்சுளா கிளட்சை விட்டாள். டக்கென்றுதான் விட்டாள். வண்டி முயல் மாதிரி ஒரு தாவு தாவி அடங்கியது.

சத்தம் கேட்டு மேலேயிருந்து முத்துகிருஷ்ணனின் குரல் வந்தது. பாவம், அந்தக் குரலில் நிஜமான கவலை.

"என்ன, வண்டி நின்னுச்சா?"

மஞ்சுளா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து நிமிர்ந்து பால்கனியைப் பார்த்தாள்.

"வண்டி நிக்கலைங்க. நான்தான் நிறுத்துனேன்."

மேலேயிருந்து ஸ்பீக்கரில் ரபீக்தான் கேட்டார்.

"அண்ணே, அங்க யாரு ஓட்டுறது? அக்காவா?"